தரங்கம்பாடி அச்சுக்கூடம், 1706–1719: எழுத்தின் அளவும் தாளின் கணக்கும்

1715 ஜூலையில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் அச்சுவேலை தரங்கம்பாடியில் முடிந்தது. அதை மொழிபெயர்த்த ஜெர்மானிய லுத்தரன் பாதிரியார் பர்த்தலோமேயு சீகன்பால்கு அப்போது ஊரில் இல்லை. 1714 அக்டோபரிலேயே ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிட்டார். 1716 ஆகஸ்டில்தான் திரும்பினார். அவருடைய தமிழுக்குத் துணையாக இருந்த மலையப்பன் என்ற இளைஞரும் அவரோடு போயிருந்தார். மிச்ச வேலையை உடன் ஊழியரான யோகான் எர்ன்ஸ்ட் கிரண்ட்லரின் மேற்பார்வையில் அச்சுக்கூடத்தார் முடித்துவிட்டார்கள். முதலாளி இல்லாமலும் ஓடுகிற பட்டறைதான் நிலைத்த பட்டறை. மூன்று ஆண்டுக்கு முன்புவரை அந்த ஊரில் ஓர் அச்சுப்பொறிகூட இருந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது சாதாரணக் காரியம் அல்ல.

சீகன்பால்குவைப் பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகள் அவருடைய பக்தியையும் சிறைவாசத்தையும் ‘முதல்’ என்ற பட்டங்களையும் சொல்லி நின்றுவிடுகின்றன. அச்சுக்கூடம் எப்படி நடந்தது, எங்கே முடங்கியது, எது அதை மீட்டது என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. லண்டன் பொறி கொடுத்தது, ஜெர்மனியின் ஹாலே நகரம் அச்செழுத்து கொடுத்தது. இரண்டும் சேர்ந்தும் ஒரு பெரிய புத்தகத்தைச் சிக்கனமாக அச்சிட வழியில்லாமல் போனது. காரணம் எழுத்தின் அளவு. அதைத் தரங்கம்பாடியிலேயே சிறிதாக வெட்டி வார்த்த பிறகுதான் கணக்கு சரிப்பட்டது. இந்த ஆய்வின் மையம் அதுதான்.

முன்னோடிகள்

தமிழ் அச்சு தரங்கம்பாடியில் தொடங்கவில்லை. 1578இல் கொல்லத்தில் இயேசு சபைப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கஸ் ‘தம்பிரான் வணக்க’த்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். 16 பக்கச் சிறு நூல் அது. 1586இல் முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் அவருடைய புனிதர் வரலாற்று நூல் 600க்கும் மேற்பட்ட பக்கங்களில் வந்தது. 1679இல் அம்பலக்காட்டில் அந்தாம் தெ புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சானது. கரையில் போர்த்துகீசியர் கை தளர்ந்து டச்சுக்காரர் கை ஓங்கிய காலம் அது. அந்த வேலை அத்தோடு நின்றது. சீகன்பால்கு வந்தபோது பழைய எழுத்துகளோ, வார்க்கத் தெரிந்தவர்களோ அவர் கைக்குக் கிடைக்கவில்லை. அவர் ‘முதல்வர்’ என்பது சரித்திரப் பிழை. ஆனால் அறுந்துபோன தொழிலை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மறுபடி நிறுவினார் என்பது உண்மை; அது எந்தப் பட்டத்துக்கும் குறைந்ததல்ல.

கையில் இருந்த பாடம்

சீகன்பால்கு 1682இல் சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸில் பிறந்தவர். ஹாலே நகரத்தில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயிடம் பயின்றார். அங்கே அநாதை இல்லம், பள்ளி, மருந்தகம், அச்சகம், புத்தகக் கடை எல்லாம் ஒரே நிர்வாகத்தில் இயங்கின. ஊழியம் என்றால் பட்டறையும் கணக்குப் புத்தகமும் சேர்ந்ததுதான் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தவர்களிடம் இயல்பாக இருந்தது. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய இருவரில் ஒருவராக, ஹென்ரிக் புளுட்சோவுடன் 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். ஊர் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் கிடைத்த இடம், அதன் நடுவே டான்ஸ்போர்க் கோட்டை. கம்பெனிக்கு வியாபாரம் முக்கியம். பாதிரிமார் அதற்கு இடைஞ்சல். 1708 நவம்பரில் தளபதி ஹாசியுஸ் சீகன்பால்குவைக் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதம் உள்ளே இருந்தார்.

மொழி கற்ற விதத்தில் ஒழுங்கு இருந்தது. வயதான திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவர் பிள்ளைகளோடு அவர் வீட்டுக்கே வந்து பள்ளி நடத்தினார். சீகன்பால்குவும் புளுட்சோவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். போர்த்துகீசியமும் பிற ஐரோப்பிய மொழிகளும் அறிந்த அழகப்பன் பொருள் விளக்கினார். அதன் பிறகு காலை 8 மணி முதல் 12 மணி வரை ஓலைச்சுவடி வாசிப்பு. பக்கத்தில் ஒரு வயதான புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். வாசிப்பில் வந்த புதுச் சொல்லை எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். இப்படிச் சேர்ந்தது சுமார் 20,000 சொற்களின் தொகுப்பு: தமிழ் எழுத்தில் ஒரு பத்தி, உச்சரிப்பு ஒரு பத்தி, ஜெர்மன் பொருள் ஒரு பத்தி. 1708இல் அவர் தயாரித்த சுவடிப் பட்டியலில் கிறிஸ்தவ நூல்களும் இஸ்லாமிய நூல்களும் போக 119 தமிழ் நூல்கள் இருந்தன. திருக்குறளும் சிவவாக்கியமும் அதில் உண்டு. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார்.

புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1708 அக்டோபர் 17ஆம் தேதி தொடங்கி, சிறைவாசம் குறுக்கிட்டும், 1711 மார்ச்சில் முடித்தார். அச்சுப்பொறி வருவதற்கு முன்பே முழுப்பாடம் கையில் இருந்தது. இது தற்செயலாக நேர்ந்திருக்கலாம். ஆனாலும் பெரிய நன்மை. பாடம் முடியாமல் பொறி வந்திருந்தால் அச்சுக்கோப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார், அல்லது பாதிப் பாடத்தோடு அச்சேற்றி, பின்னால் சொல்வழக்கு மாறியதும் முன் அச்சிட்ட தாள்களைக் கழிக்க வேண்டியிருக்கும்.

அதுவரை நூல்கள் ஓலையில்தான் படியெடுக்கப்பட்டன. சம்பளத்துக்கு எழுத்தர்களை வைத்துச் செய்த வேலை. ஓலையில் இரண்டு சிக்கல். ஒன்று, ஒவ்வொரு படியும் முதலிலிருந்து எழுதும் வேலை. பத்தாவது படிக்கும் முதல் படிக்கும் ஆகும் கூலி ஒன்றுதான். மற்றது, ஒவ்வொரு கையும் தன் பிழையைப் புதிதாகச் சேர்க்கும். புதிய ஏற்பாடு போன்ற நீண்ட நூலுக்கு இவை இரண்டும் சேர்ந்து தாங்க முடியாத சுமை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நூல் என்ற திட்டம் ஓலையில் நடக்காது.

லண்டன் பொறியின் பயணம்

சீகன்பால்குவின் கடிதங்களை லண்டனில் இருந்த அந்தோன் வில்ஹெல்ம் போம் என்ற அரண்மனைக் குரு ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதைப் படித்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம், அதாவது எஸ்.பி.சி.கே., உதவ முன்வந்தது. 1711இல் அச்சுப்பொறி ஒன்று, ரோமன் எழுத்துத் தொகுதி, தாள், கூடவே யோனாஸ் ஃபின்க் என்ற அச்சர் – எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றினார்கள். பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் அந்தக் கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. பணம் கொடுத்து மீட்டார்கள். பயணம் தொடர்ந்தபோது நன்னம்பிக்கை முனை அருகே ஃபின்க் காய்ச்சலில் இறந்தார். 1712இல் சென்னப்பட்டினம் வழியாகப் பொறி தரங்கம்பாடி சேர்ந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் சேரவில்லை.

கம்பெனிப் படையில் யோகான் ஹென்ரிக் ஷ்லோரிக்கே என்ற சிப்பாய் அச்சுத்தொழில் பழகியவர் என்று தெரியவந்தது. அவரைக் கேட்டு வாங்கி வேலையைத் தொடங்கினார்கள். முதலில் அச்சானவை போர்த்துகீசிய நூல்கள். காரணம் எளிது: வந்திருந்த எழுத்து ரோமன். கடற்கரை ஊர்களில் போர்த்துகீசியம் அப்போதும் பொதுப் பேச்சுமொழியாக இருந்ததால் அதற்கு வாசகரும் இருந்தார்கள். பொறி வந்தும் தமிழ் அச்சு உடனே தொடங்காததற்குப் பொறியைக் குறைசொல்ல முடியாது. எழுத்து வேண்டியிருந்தது.

பொருள் வந்து சேரும் வழி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இன்னொரு சான்று. தரங்கம்பாடியில் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நங்கூரமிட, சரக்கும் ஆளும் சிறுபடகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். 1708இல் ஊழியத்துக்கு வந்த ஏறத்தாழ 2,000 தாலர் (ஐரோப்பிய வெள்ளி நாணயம்) பணம் அப்படி வந்த படகு கவிழ்ந்து கடலில் போனது. பத்தாயிரம் மைல் தாண்டி வந்தது கண்ணுக்கெட்டிய தூரத்தில் மூழ்கியது. ஐரோப்பாவை நம்பியே நடத்தும் எந்த வேலையிலும் ஓராண்டுக்கு மேல் தாமதம் வரும் என்று கணக்கு வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதை இவர்கள் இப்படித்தான் கற்றார்கள்.

ஹாலே எழுத்து: எங்கே தவறியது

தமிழ் எழுத்து மாதிரிகளைச் சீகன்பால்கு ஹாலேவுக்கு அனுப்பியிருந்தார். அங்கே உள்ள கைவினைஞர்கள் அதைப் பார்த்து வெட்டி வார்த்தார்கள். 1713 ஜூனில் அந்த எழுத்துகளோடு யோகான் கோட்லிப் ஆட்லர் என்ற எழுத்து வார்ப்பவர் வந்து இறங்கினார். கூடவே அவருடைய தம்பி, இன்னும் சிறுவன். அந்த ஆண்டே ‘அக்கியானம்’, அதாவது புறமதம், பற்றிய சிறுநூல் தமிழில் அச்சானது.

ஹாலே எழுத்து வாசிக்கத் தக்கதாகவே இருந்தது. குறை அதன் பருமன். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பது கணக்குப் போட்டால் தெரியும். அன்றைய கைத்தாளை இரண்டு முறை மடித்தால் 4 இதழ், 8 பக்கம்; இதுதான் நான்மடி. 400 பக்க நூலுக்கு ஒரு படிக்கு 50 தாள். 500 படி போட்டால் 25,000 தாள். ரீமுக்கு 500 தாள் என்றால் 50 ரீம். வீணாகும் தாளை இதில் சேர்க்கவில்லை. இப்போது அதே பாடத்தை உயரத்திலும் அகலத்திலும் நான்கில் மூன்று பங்கு அளவுள்ள எழுத்தில் கோத்தால், பிடிக்கும் பரப்பு பதினாறில் ஒன்பது பங்காகும். 50 ரீம் வேண்டிய இடத்தில் 28 ரீம் போதும். இந்த எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. விகிதம் மட்டும் எந்த நூலுக்கும் பொருந்தும். தாள் முழுவதும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வருகிற ஊரில், எழுத்தின் பருமன் அழகு பற்றிய விவகாரம் அல்ல. அடுத்த கப்பல் வரும்வரை பொறி ஓடுமா, நிற்குமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

ஹாலேயில் இது ஏன் கவனத்துக்கு வரவில்லை? அங்கே வெட்டியவர்களுக்குத் தமிழ் தெரியாது. முன்னால் இருந்த மாதிரியை அப்படியே ஒத்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் கவலை. தெரியாத வரிவடிவத்தில் எந்தச் சுழி முக்கியம், எதை நெருக்கலாம், எதை நெருக்கினால் இன்னொரு எழுத்தாகத் தோன்றும் என்று அவர்களால் முடிவு செய்ய இயலாது. பெரிதாக வெட்டினால் பிழை வராது. பாதுகாப்பான வழியை எடுத்தார்கள். நாம் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாசகனும் வெட்டுபவனும் பத்தாயிரம் மைல் தள்ளி இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

ஆட்லரின் வேலை

ஆட்லர் சிறிய எழுத்தை இங்கேயே வெட்டினார். உலோகம் எங்கிருந்து வந்தது என்பதை மிஷன் வரலாறுகள் சொல்லிவைத்திருக்கின்றன. எஸ்.பி.சி.கே. சங்கத்தார் பாதிரிமாருக்கு அனுப்பிய செஷயர் பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்களாம். வேடிக்கைக் கதையாக மட்டும் இதைச் சொல்வது அந்த வேலையைக் குறைத்து மதிப்பிடுவதாகும். வெறும் ஈயம் அச்செழுத்துக்குப் போதாது. மிருதுவானது; நூறு இழுப்பில் முனை நசுங்கும். அதைக் கெட்டியாக்க அஞ்சனக்கல் உலோகமும் (ஆன்டிமனி), உருகியது அச்சுக்குள் நன்றாக ஓட வெள்ளீயமும் சேர்ப்பதே தொழில்முறை. தகடு கிடைத்தது பாதி வேலை. கலவை அறிந்த கை அங்கே இருந்தது மறுபாதி.

வெட்டும் முறை இது. எஃகுத் தண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பிறகு எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கி, செப்புக் கட்டையில் ஓர் அடியில் இறக்கினால் பள்ளமாக எழுத்து விழும். அந்தச் செப்புக் கட்டையைக் கைவார்ப்புக் கருவியின் அடியில் பொருத்தி, உருகிய உலோகத்தை ஊற்றி, ஒரு குலுக்குக் குலுக்கித் திறந்தால் ஓர் அச்செழுத்து. வாலை ஒடித்து, பக்கங்களைத் தேய்த்து, உயரம் சரிபார்க்க வேண்டும். ஒரு மயிரிழை உயர்ந்தாலும் அந்த எழுத்து தாளைக் கிழிக்கும். தாழ்ந்தால் மை படாது. வார்ப்புக் கருவியின் அகலத்தை எழுத்துக்கு எழுத்து மாற்ற வேண்டும். தமிழுக்கு இது மிகவும் முக்கியம், ஏனென்றால் ‘ர’வும் ‘ஞ’வும் அகலத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

எத்தனை வெட்ட வேண்டும்? 247 என்று பயப்பட வேண்டாம். கொம்பும் காலும் தனித்தனியே நிற்பதால் கெ, கா, கொ வரிசைகளுக்குத் தனி வார்ப்பு தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1. அகர வரிசை 18, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் 72, ஆக 90. இதில் வழக்கில் வராத ஙகர வடிவங்களைக் கழிக்கலாம். கால், கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் வேண்டும். பழைய வழக்கில் ஒட்டியெழுதும் ணா, றா, னா மூன்றும் ணை, லை, ளை, னை நான்கும் தனியாக வேண்டும். கிரந்த எழுத்துகளையும் தமிழ் எண்களையும் சேர்த்தால் 130ஐ ஒட்டி வரும். புள்ளியிட்ட மெய்களைத் தனியாக வார்த்தால் இன்னும் 18. ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதுவதே அன்றைய பரவலான பழக்கம் என்பதால் இந்தப் பதினெட்டைத் தவிர்க்க வழி இருந்தது. 1578இன் கொல்லம் அச்சும் புள்ளியில்லாமல்தான் வந்தது. கூட்டெழுத்து மலிந்த மற்ற இந்திய வரிவடிவங்களோடு ஒப்பிட்டால் தமிழ் ஈய எழுத்துக்கு வாகான மொழி. இந்தியாவின் மொழிகளுள் தமிழ் அச்சில் முந்தியதற்கு இந்த அமைப்பும் துணைசெய்திருக்கிறது என்பது நம் கருத்து.

எண்ணிக்கை வேறொரு தலைவலி. ஒவ்வொன்றிலும் எத்தனை வார்ப்பது? க, த, ம, ன, கால், கொம்பு இவை வரிக்கு வரி வரும். ங, ஔ எப்போதாவது வரும். எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை வார்த்தால், பெட்டியில் ஒரு பக்கம் எழுத்து தூங்கும், இன்னொரு பக்கம் கால் தீர்ந்துபோய் அரைப் பக்கத்தில் வேலை நிற்கும். வார்ப்புக்கூடம் பக்கத்திலேயே இருந்தால் தீர்ந்த எழுத்தை மறுநாள் வார்த்துக்கொள்ளலாம். ஹாலேயிலிருந்து வர வேண்டுமென்றால் ஒன்றரை வருடம். தரங்கம்பாடிக்கு அடுத்த பொறையாறில் எழுத்து வார்ப்புக்கூடம் அமைந்ததன் உண்மையான பயன் இதுதான்.

சிறிய எழுத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கூ, மூ, ணூ போன்றவற்றின் உள்வளைவு மிகச் சிறுத்தால் மை அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். தாள் மிச்சமாகும், படிப்பவர் கண் நோகும். எவ்வளவு குறைக்கலாம் என்பதை வெட்டி, அச்சிட்டு, தமிழ் வாசிப்பவரிடம் காட்டித்தான் கண்டுபிடிக்க முடியும். அப்படிக் காட்ட ஆள் இருந்த ஊர் தரங்கம்பாடி; ஹாலே அல்ல.

ஒரு தாள் அச்சாகும் விதம்

அன்றைய பொறி மரச்சட்டத்தில் இரும்புத் திருகு பொருத்தியது. அழுத்தும் பலகை தாளின் பாதியைத்தான் மூடும். தாளின் ஒரு புறத்துக்கு இரண்டு இழுப்பு: பாதியை அழுத்தி, படுக்கையை உள்ளே தள்ளி, மறுபாதியை அழுத்த வேண்டும். இருவர் வேண்டும். ஒருவர் தோல்பந்துகளால் எழுத்தின் மேல் மை ஒற்றுவார், மற்றவர் தாளை வைத்து இழுப்பார். ஐரோப்பாவில் மணிக்கு 250 தாள், ஒரு பக்கம், என்பது ஏட்டுக்கணக்கு. பழகாத கைகளும் கடற்கரை வெக்கையும் சேர்ந்தால் அதை எட்டுவது கடினம்.

தாளை முந்தின நாளே நனைத்து அடுக்கி வைக்க வேண்டும். காய்ந்த தாள் மையை ஏற்காது. ஐரோப்பாவில் நனைத்த தாள் இரண்டு மூன்று நாள் தாங்கும். காவிரிக் கடைமடையின் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். அன்றன்று எவ்வளவு அச்சாகுமோ அவ்வளவே நனைக்க வேண்டும். மை என்பது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் விளக்குக்கரி கலந்த பிசின். வெயிலில் இளகி எழுத்தின் ஓரத்தில் வழியும். இறுகக் காய்ச்சினால் வழியாது, ஆனால் தாளைப் பிடித்து இழுக்கும். எண்ணெயின் காய்ச்சுப் பதத்தைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றுவதுதான் வழி.

இன்னொரு கட்டுப்பாடு, எழுத்து இருப்பு. நான்மடி நூலில் ஒரு தாளுக்கு எட்டுப் பக்கம் கோத்து நிற்க வேண்டும். அச்சானதும் பிரித்து எழுத்துகளைப் பெட்டியில் போட்ட பிறகே அடுத்த எட்டுப் பக்கம். நூல் முழுவதையும் கோத்து வைத்துக்கொண்டு சாவகாசமாகத் திருத்துவது கனவு. ஆகவே மெய்ப்பு பார்ப்பவர் அன்றே பார்த்துக் கொடுத்தாக வேண்டும். விட்ட பிழை எல்லாப் படியிலும் நிற்கும், திருத்த வாய்ப்பில்லை. ஓலையில் பிழை படிக்குப் படி மாறும். அச்சில் ஒரே பிழை ஐந்நூறாகும்.

இத்தனை கட்டுப்பாட்டுக்குள், நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் ‘அஞ்சு வேத பொஸ்த்தகம்’ என்ற பெயரில் 1714இல் வந்தன. மிச்சம் 1715இல் முடிந்தது. சீகன்பால்கு கப்பலில் இருந்தபடி லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. அதே ஆண்டில் தரங்கம்பாடியில் ஆங்கிலம் கற்பிக்கும் பாடநூல் ஒன்றும் அச்சாயிற்று. போர்த்துகீசியம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளை ஒரே கூடம் நான்கு ஆண்டுக்குள் கையாண்டிருக்கிறது.

நிலைக்காதவை

எழுத்தில் வென்றவர்கள் தாளில் வெல்லவில்லை. 1715ஐ ஒட்டிப் பொறையாறில் காகித ஆலை தொடங்கினார்கள். எழுத்துப் பிரச்சினையைத் தீர்த்த அதே தர்க்கம்: இங்கேயே செய்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் இரண்டும் ஒரே வகை வேலை அல்ல. எழுத்து வார்க்க ஒரு கைதேர்ந்தவர், ஓர் அடுப்பு, ஓரளவு உலோகம் போதும்; வார்த்த எழுத்து ஆண்டுக்கணக்கில் உழைக்கும். தாளுக்கு இடைவிடாமல் கந்தல் துணி, தெளிந்த நீர், துணியை இடிக்க விசை வேண்டும். ஐரோப்பிய ஆலைகள் ஓடை விழும் விசையில் சம்மட்டி இயக்கின. கடைமடையில் ஆறு உண்டு, வீழ்ச்சி இல்லை. அன்றாடச் செலவும் ஓயாது. ஆலை நீடிக்கவில்லை, ஐரோப்பியத் தாளை நம்பியிருப்பதும் தொடர்ந்தது. உள்ளூரில் செய்வதெல்லாம் மலிவு என்ற எண்ணம் இங்கே பொய்த்தது.

பணத்தைவிட அதிகமாக வருத்தியது டென்மார்க்கின் தலைநகர் கோபனேகன். 1714இல் அங்கே மிஷன் சங்கம் ஏற்பட்டது. அதன் செயலர் கிறிஸ்தியான் வெண்ட், ஊழியர் என்போர் அப்போஸ்தலரைப் போல வெறுங்கையோடு போய்ப் பிரசங்கிக்க வேண்டும், கட்டடமும் பட்டறையும் எதற்கு என்ற நிலைப்பாடு கொண்டவர். பள்ளியும் அச்சும் இல்லாமல் தமிழரிடம் எதுவும் நிலைக்காது என்று பதின்மூன்று ஆண்டு அனுபவத்தில் அறிந்த சீகன்பால்குவுக்கு வெண்டின் கடிதங்கள் பெரிய இடியாக இருந்தன. சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23ஆம் தேதி, 36 வயதில் இறந்தார். மறு ஆண்டு மார்ச்சில் கிரண்ட்லரும் போனார்.

அச்சுக்கூடம் நிற்கவில்லை. ரூத் புத்தகம் வரை சீகன்பால்கு மொழிபெயர்த்திருந்த பழைய ஏற்பாட்டை, பின் வந்த ஊழியர் பெஞ்சமின் சூல்ட்சே தொடர்ந்து முடிக்க, 1723 முதல் 1728 வரை பகுதி பகுதியாக அச்சானது.

மொழிநடை பற்றிய வழக்கு

இந்த நூல்களின் தமிழ் பற்றி நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ‘அஞ்சு’, ‘பொஸ்த்தகம்’ என்ற தலைப்பே காட்டுவதுபோல் அது கரையோரப் பேச்சுத்தமிழைத் தழுவிய நடை. வேண்டுமென்றே எடுத்த முடிவு, ஏனென்றால் கேட்பவர் எளிய மக்கள். ஆனால் வாக்கிய அமைப்பு பல இடங்களில் மூலமொழியின் பிடியில் இருந்தது. வீரமாமுனிவர் லுத்தரன் மிஷனை எதிர்த்து எழுதிய உரைநடை நூல்களில் இதைக் கடுமையாகத் தாக்கினார். சமயப் பகை இருந்தது உண்மை, மொழிக்குற்றம் பற்றிய பகுதியில் நியாயமும் இருந்தது. பிற்பாடு அதே மிஷனின் பாதிரியார் பப்ரிசியுஸ் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து திருத்தியதே அதற்குச் சாட்சி. தமிழ்ச் செய்யுளை இவ்வளவு வாசித்த ஒருவர் உரைநடையில் ஏன் தடுமாறினார் என்றால், பின்பற்றத் தக்க உரைநடை முன்மாதிரி அவர் கையில் மிகக் குறைவு.

அதே தரங்கம்பாடி அச்சுக்கூடம் 1738இல் வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்தை லத்தீனில் அச்சிட்டது. தங்கள் மொழிநடையைப் பழித்த கத்தோலிக்கரின் நூல். நல்ல இலக்கணம் என்று கண்டார்கள், அச்சேற்றினார்கள்.

அச்சேறாதவை

சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த ‘தென்னிந்தியக் கடவுளரின் வமிசாவளி’, தமிழ்ச் சமயங்களைப் பற்றி அக்காலத்தில் ஓர் ஐரோப்பியர் எழுதியவற்றுள் மிகுந்த தகவல் கொண்டது. கோயில்களையும் கிராம தேவதைகளையும் சுவடிகளையும் தமிழரிடமே கேட்டு எழுதியது. பிராங்கே அதை வெளியிட மறுத்தார். புறமதத்தை ஒழிக்க அனுப்பியவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்ப வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். 1867இல் வில்ஹெல்ம் கெர்மான் சென்னையில் அதை அச்சிட்டார். 154 ஆண்டு தாமதம். சொந்தமாக அச்சுக்கூடம் வைத்திருந்தவரின் சிறந்த நூலுக்கே இந்த நிலை.

119 தமிழ் நூல்களின் கதையும் இதுதான். அவற்றை வாங்கினார், வாசித்தார், பட்டியலிட்டார், ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பெழுதினார். அந்த நூல்களை அச்சேற்றத் தேவையான அத்தனை எழுத்தும் பொறையாறில் வார்த்து ஆயத்தமாக இருந்தது. தாளும் பணமும் எதற்காக வந்ததோ அதற்கே செலவாக வேண்டும் என்பது மிஷனின் விதி. அந்த விதிக்குள் திருக்குறளுக்கு இடமில்லை. அது 1812இல் சென்னப்பட்டினத்தில், தஞ்சை நகரம் மலையப்ப பிள்ளை குமாரன் ஞானப்பிரகாசன் பதிப்பித்து வெளிவந்தது.